நாடக மேடையின் வரலாறு வீடுகளிலும் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நாடக நாளையொட்டித் தங்கள் நாளிதழில் தமிழ் நாடக மேடை குறித்து வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார், கிட்டப்பா, சுந்தராம்பாள், அவ்வை சண்முகம் என ஒருவரையும் விடாமல் கட்டுரையாளர் எழுதியிருந்தார். எழுதியவற்றில் எதையும் மறுப்பதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனால், அவ்வளவு நீண்ட கட்டுரையில் ஒரு வீடுகூட இடம்பெறவில்லை என்பது என் மனத்தை வருத்தியது. இரவெல்லாம் ஆடிப் பாடியவர்கள் விடிந்தபின் எந்த வாசலுக்குத் திரும்பினார்கள், அந்தக் கதவைத் திறந்துவிட்டவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பவையும் நாடக வரலாறுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். இன்றைய இளைய வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். ஸ்பெஷல் நாடகம் ஒரு கம்பெனியின் நாடகம் அன்று. கோயில் விழாவுக்கு நாடகம் வைக்கும் ஊரார், ராஜபார்ட் என்னும் நாயக வேடக்காரர் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடக்காரர் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் என்னும் கோமாளி வேறோர் ஊரிலிருந்து என்று தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். அன்று மாலைதான் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ விடியும்வரை நடக்கும். கதையும் பாட்டும் எல்லாருக்கும் பொதுவாக மனப்பாடமாக இருந்ததாலும், ஆர்மோனியக்காரர் ஒருவர் எல்லாருடைய குரலையும் தாங்கிப் பிடித்ததாலும்தான் அது சாத்தியமாயிற்று. யாருக்கு எத்தனை கட்டை சுருதி, யார் எந்த அடியைத் திருப்பிப் பாடுவார், யாருக்கு எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தந்தையார் இவற்றை நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு பக்கம். சுருதி, விருப்பமான ராகம், பாட்டுகளின் வர்ணமெட்டு, அதற்குக் கீழே அவரே தமக்கென எழுதிக்கொண்ட குறிப்புகள். ‘மூன்றாவது பாட்டுக்கு முன் மூச்சு வாங்க நேரம் கொடுக்கவும்’, ‘இவர் அழும்போது வாசிக்காமல் இருக்கவும்’ என்றெல்லாம் அதில் இருந்தது இன்னும் என் கண்முன் நிற்கிறது. எந்த ஆராய்ச்சியாளரும் திரும்ப உருவாக்க முடியாத ஆவணம் அது. தந்தையார் காலமான சில ஆண்டுகளுக்குப் பிறகு வீடு மாறியபோது, பழைய தாள்களோடு தாளாக அதை எடைக்குப் போட்டுவிட்டோம். அந்தத் தாள்களை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியவற்றுள் அந்த நோட்டும் ஒன்று.

நாடகக் காலத்தில் எங்கள் வீட்டில் பகலும் இரவும் இடம் மாறியிருக்கும். தந்தையார் காலையில் வந்து படுத்தால் பிற்பகல்வரை வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது. நானும் என் தம்பியும் அத்தை மகளும் அந்த நேரத்தில்தான் நாடகம் விளையாடுவோம். குரல் எழுப்ப முடியாது என்பதால், உதட்டை மட்டும் அசைத்து, கையாலும் கண்ணாலும் முழு வள்ளி திருமணத்தையும் நடத்தி முடிப்போம். வேலன் வேடனாக வருவதும், வேங்கை மரமாக நிற்பதும், கிழவனாகத் தள்ளாடுவதும், யானை துரத்துவதும் ஒரு சிறு ஒலியும் இல்லாமல் திண்ணையில் நடக்கும். நடிப்பு என்பது குரலுக்கு முன்பே உடம்பில் தொடங்கிவிடுகிறது என்பதைப் பிற்காலத்தில் யாரோ மேடையில் விளக்கிப் பேசக் கேட்டபோது, அதை ஏழு வயதிலேயே தெரிந்துகொண்டிருந்தோம் என்று தோன்றியது.

தந்தையாரின் தகப்பனாரும் நாடகக்காரரே. அவருடைய காலம் பாய்ஸ் கம்பெனிகளின் காலம். வயதுவந்த நடிகர்களிடம் காண முடியாத கட்டுப்பாட்டைச் சிறுவர்களிடம் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தோடு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த ஆண்டிலேயே அதில் சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான, பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பெயர்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அதன் பின்னர் தமிழ்நாடெங்கும் சிறுவர் கம்பெனிகள் பெருகின. அப்படிப்பட்ட கம்பெனி ஒன்றில்தான் என் தாத்தாவையும் ஒப்பந்தம் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். இனிய சாரீரம் இருந்ததால் ஸ்திரீபார்ட் கொடுத்தார்கள். நான்கைந்து ஆண்டுகள் தாமே சந்திரமதியாகவும் சாவித்திரியாகவும் இருந்ததை அவர் முதுமையில்கூடப் பெருமையோடு சொல்வார். அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு துயரமும் இருந்தது. பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபோது, ஒரே வாரத்தில் அவரைப் படுதா இழுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தம்முடைய பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வேறொரு சிறுவன் தம்முடைய பாட்டைப் பாடுவதைப் பக்கத்தட்டி ஓரமாக நின்று கேட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பிப் போக ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை. பகலில் ஆர்மோனியக்காரரின் காலடியில் உட்கார்ந்து விரல் பழகத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு ஆர்மோனியம் வந்த வழி அதுதான்.

பாய்ஸ் கம்பெனிகள் தமிழுக்கு அளித்த நடிகர்களின் பட்டியல் மிக நீண்டது, எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அங்கிருந்து வந்தவர்களே. அந்தப் பட்டியலில் இடம்பெறாமல், குரல் உடைந்ததும் மேடையைவிட்டு இறக்கப்பட்ட சிறுவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. சிவாஜி கணேசன் சிறுவயதில் நாடகக் குழுவில் சேர்வதற்காகத் தமக்குத் தாய் தந்தையர் இல்லை என்று பொய் சொன்னதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மேடையின்மேல் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய வேட்கை இருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய தாயார் ராஜாமணி அம்மாளின் நினைவுதான் வரும். பிள்ளை இல்லாத அந்த நாட்களை அவர் எப்படிக் கழித்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு ஒருவர் எழுதிவைத்திருந்தால், அது எவ்வளவு மதிப்புள்ள பக்கமாக இருந்திருக்கும்!

இனி என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். திருமணமான புதிதில், வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில், தொழில் இன்னதென்று தெரிந்தவுடன் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் என்னைக் ‘கூத்தாடி வீட்டுப் பிள்ளை’ என்று ஓர் ஆசிரியரே அழைத்த நாளில், அதை அம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் தலையைப் பின்னிவிட்டார். நாடகம் பார்க்க அவர் போனதே இல்லை. அவருக்கு நாடகம் பிடிக்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, பக்கத்து ஊரில் அரிச்சந்திர மயான காண்டம் ஏற்பாடாகியிருந்தது. அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக நடிக்க வேண்டிய சிறுவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எனக்கு வசனமும் பாட்டும் தெரியும் என்பது தந்தையாருக்குத் தெரியும். பல மாதங்களாக நான் கெஞ்சிக்கொண்டிருந்ததும் தெரியும். தலைமுடியை இழுத்துக் கட்டி, வேட்டி கட்டி, முகத்தில் அரிதாரம் பூசி என்னை லோகிதாசனாக நிறுத்தினார்கள். மகள் மேடையேறும் நாள் என்பதால் அன்று அம்மாவும் அத்தையோடு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

தர்ப்பை பறிக்கப் போய்ப் பாம்பு தீண்டி விழும்வரை எனக்குப் பயம் இல்லை. விழுந்தபிறகுதான் கடினம். சந்திரமதியின் புலம்பல் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அது அரை மணி நேரமும் நீளும். பாடுகிறவரின் திறத்தையும் கூட்டத்தின் மனத்தையும் பொறுத்து அதற்கு மேலும் போகும். அன்று சந்திரமதியாக வந்த அம்மையார் என்னை மடியில் போட்டுக்கொண்டு பாடினார். பாடும்போது அவருடைய கண்ணீர் என் கன்னத்தில் விழுந்து காதுக்குள் வழிந்தது. நடிப்புக்காக அழுகிறவருக்கு நிஜக் கண்ணீர் வரும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மூடிய கண்ணுக்குள் இருந்தபடி தந்தையாரின் ஆர்மோனியத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் அது நின்றுபோயிற்று. ‘இவர் அழும்போது வாசிக்காமல் இருக்கவும்’ என்ற குறிப்பு அந்த அம்மையாரின் பக்கத்தில் இருந்ததுதான் என்று பின்னாளில் அந்த நோட்டைப் புரட்டியபோது தெரிந்துகொண்டேன்.

அந்த அமைதியில் பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை கேட்டது. விடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா தந்தையாரிடம் சொன்னது ஒன்றுதான்: “இனிமே எம் பிள்ளையப் பொணமாப் படுக்க வைக்காதீங்க.” அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. வேறு வேடம் கேட்டபோதும் தந்தையார் சம்மதிக்கவில்லை. அம்மாவுக்கு நாடகத்தின்மேல் இருந்த வெறுப்புதான் என் வழியை அடைத்துவிட்டது என்று நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனக்குறை கொண்டிருந்தேன்.

நம்முடைய பழைய நாடகங்களில் குழந்தைகளுக்கு என்ன வேடங்கள் இருந்தன என்பதை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். லோகிதாசன் சாகிறான்; பிரகலாதன் யானைக் காலுக்கும் நெருப்புக்கும் அனுப்பப்படுகிறான்; நல்லதங்காளின் பிள்ளைகள் பசித்துக் கிணற்றில் தள்ளப்படுகிறார்கள். சிறுமியாக மேடை ஏறிய சுந்தராம்பாள் முதலில் கூட்டத்தை உருக வைத்ததும் அந்த நல்லதங்காளின் பசித்த மகனாக நின்று பாடித்தான். காந்தியடிகள் தம் சிறுவயதில் தந்தையின் அனுமதி பெற்று அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்ததையும், அதைத் தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். அவர் அந்த நாடகத்தில் அரிச்சந்திரனின் வாய்மையைக் கண்டார். பார்வையாளராக வந்த என் தாயார் மாண்டுகிடந்த பிள்ளையைக் கண்டார். இரண்டும் ஒரே நாடகத்தின் வலிமைதான். முதலாவது மட்டுமே நம் புத்தகங்களுக்குள் வந்திருக்கிறது.

அம்மாவின் கடைசி ஆண்டுகளில் அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. பேரப் பிள்ளைகளின் பெயர்கள் மறந்துபோயின. ஒரு நாள் பிற்பகல், நான் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார். சந்திரமதியின் புலம்பல், முதல் அடியிலிருந்து. தந்தையார் மாலை வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவருடைய பாட்டையும் வாசித்துப் பழகியபோது, உள்ளே அடுப்படியில் இருந்தபடியே அவர் எல்லாவற்றையும் மனத்தில் வாங்கியிருந்திருக்கிறார். ராகம் பிசகவில்லை; அந்த அம்மையார் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் அவரும் நிறுத்தினார். அச்சிட்ட நாடகப் புத்தகங்களில் இல்லாத சில அடிகள் அவர் பாடியதில் இருந்தன. மேடையில் நடிகர்கள் தாமாகச் சேர்த்துப் பாடி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவிய அடிகளாக அவை இருக்க வேண்டும். அதன் பிறகு சாவித்திரியின் பாட்டு, பவளக்கொடியின் தர்க்கம் என்று அந்த வாரம் முழுவதும் பாடினார். நாடகத்தை வெறுத்தவர் என்று நான் எண்ணியிருந்தவரிடம் இத்தனை நாடகங்கள் இருந்தன.

நான் அருகில் உட்கார்ந்து கேட்டேன், மகிழ்ந்தேன், அழுதேன். பதிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கைபேசி பக்கத்திலேயே இருந்தது. அடுத்த மாதம் அவர் காலமானார்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் வைக்க விரும்பும் வேண்டுகோள் இதுதான். தமிழ் நாடகத்தின் நினைவுகளைக் காப்பாற்றித் தந்ததில் நாளிதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், தம்முடைய ‘நாடகமேடை நினைவுகள்’ கட்டுரைகளைச் சுதேசமித்திரன் நாளிதழில்தான் தொடராக எழுதினார். பெல்லாரி கிருஷ்ணமாசாரியாரின் தெலுங்கு நாடகங்களைச் சென்னையில் பார்த்த பிறகே, அதுவரை தமிழ் நாடகத்தை மதிக்காதிருந்த தம் மனம் மாறியது என்பதை அவர் அதில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். டி.கே. சண்முகம் 1972இல் ‘எனது நாடக வாழ்க்கை’யை எழுதியிராவிட்டால், சிறுவர் கம்பெனிகளின் அன்றாடத்தைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும். ஆனால், இவ்விரண்டும் சபைகளை நடத்தியவர்கள் எழுதியவை. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பபூனும் எழுதவில்லை. அவர்களுடைய மனைவியரிடம் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மேடையின் பின்புறம் துணிமூட்டையின்மேல் படுத்துத் தூங்கிய குழந்தைகள் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழின் வாரப் பகுதியில் இவர்களுக்கென ஓர் இடம் ஒதுக்கித் தாருங்கள். பெயர்பெற்றவர்களின் பேட்டி வேண்டியதில்லை; அவை ஏராளமாக வந்துவிட்டன. நாடகக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் தங்கள் வீட்டைப் பற்றி எழுதி அனுப்பட்டும். எழுத இயலாதவர்களின் வீட்டுக்குத் தங்கள் செய்தியாளர்கள் சென்று கேட்கட்டும். அப்படிச் செல்பவர்கள் வீட்டுத் தலைவரிடம் பேசிவிட்டு எழுந்துவிடாமல், அடுப்படியில் இருக்கும் பாட்டியிடமும் ஒரு பாட்டுக் கேட்க வேண்டும் என்று சிறப்பாக வேண்டிக்கொள்கிறேன். அவர் முதலில் தமக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வார். சிறிது நேரம் காத்திருந்தால் பாடுவார்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறைக்கும், சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியுள்ள புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளிக்கும் தங்கள் வாயிலாக இதே வேண்டுகோளை வைக்கிறேன். அங்கு பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு நாடகக் குடும்பத்தின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தாலும் சில ஆண்டுகளில் பெரிய களஞ்சியம் ஒன்று உருவாகிவிடும். நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், கைப்பட எழுதிய பாட நோட்டுகள், பழைய ஒப்பந்தத் தாள்கள் ஆகியவற்றை வைத்திருக்கும் குடும்பத்தினர், வீடு மாறும்போதோ பங்கு பிரிக்கும்போதோ அவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். மூலத்தைக் கொடுக்க மனம் இல்லாவிட்டால், படம் எடுத்துக்கொள்ள மட்டுமாவது யாரேனும் ஒருவரை அனுமதியுங்கள்.

இந்தக் கடிதத்துடன் இரண்டு தாள்கள் இணைத்துள்ளேன். அம்மா பாடிய சந்திரமதி புலம்பலில் என் நினைவில் நிற்கும் அடிகளை, அவர் பாடிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். மொத்தம் பதினேழு அடிகள். ஐந்தாவது அடிக்கும் எட்டாவது அடிக்கும் இடையே வருவது எனக்கு நினைவில்லை. ராகம் மட்டும் காதில் இருக்கிறது. கடைசி இரண்டு அடிகளில் சில சொற்கள் விட்டுப்போயிருக்கின்றன. அந்த இடங்களைப் புள்ளியிட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். இடம் இருந்தால் அந்தத் தாள்களை வெளியிடுங்கள். தங்கள் வாசகர்களில் எவருடைய வீட்டிலாவது, எந்தப் பாட்டியின் நினைவிலாவது அந்த அடிகள் இருந்தால், தயவுசெய்து தங்கள் அலுவலக முகவரிக்கு எழுதி அனுப்பட்டும். நான் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆர்மோனியக்காரரின் மகள்